செங்காயைத் தட்டி எடுத்தவன் நான்

கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபங்களில் கூம்புக் குழாய் அலறிக்கொண்டிருந்த காலத்தில் பெட்டி ஸ்பீக்கரைக் கொண்டுவந்து இறக்கியவன் நான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் என் கடைக்கு அனுப்பி வையுங்கள், பேசிக்கொள்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து பலாப்பழம் தலையில் சுமந்து இறங்கியவன், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், சவுண்ட் சர்வீஸ் என்று சொந்தமாகப் பலகை மாட்டினேன். அந்தப் பலகையை எழுதியவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அந்தத் தப்பான பலகையைப் பார்த்தே தியாகதுருகத்திலிருந்தும் உளுந்தூர்பேட்டையிலிருந்தும் ஆட்கள் தேடி வந்துவிட்டார்கள். கரியாலூருக்கு ஜெனரேட்டர் ஏறாது என்று எல்லாரும் கையை விரித்தபோது, டிராக்டரில் கயிறு போட்டுக் கட்டி, வளைவுக்கு வளைவு சக்கரத்துக்குக் கல் வைத்து, மலைமேல் ஏற்றி வெளிச்சமும் பாட்டும் கொடுத்தேன். கீழே கடை, மேலே வீடு என்று மாடி எழுப்பினேன். பெண்பிள்ளைகளைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன். ஒரு பாட்டைக்கூடச் சுதியோடு பாடத் தெரியாத நான், ஒரு மெல்லிசைக் குழுவையே கட்டி நடத்தினேன். அந்தக் குழு வாசிக்காத மண்டபம் இந்தப் பக்கத்தில் இல்லை.

இத்தனையும் கட்டியவனை ஒரு கண்ணாடிப் பெட்டி முட்டாளாக்கிவிட்டது. கள்ளக்குறிச்சியில் என் மச்சான் மகன், அதாவது என் மனைவியின் தம்பி மகன், ஓர் இசை வகுப்பு நடத்துகிறான். வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் சுவரோடு அந்தப் பெட்டி நிற்கிறது. உள்ளே சின்ன விளக்கு. விளக்குக்குக் கீழே என் மச்சானின் கிட்டார். பழுத்த இலையின் நிறம், நெஞ்சில் இரண்டு பக்கமும் கொக்கி போல வளைந்த ஓட்டைகள், இடது ஓரத்தில் அவன் கை பட்டுப் பட்டுப் பாலிஷ் போன திட்டு. அதன் காலடியில் பித்தளையில் வெட்டிய எழுத்து: ‘மாஸ்டர் தம் செவியால் தேர்ந்தெடுத்த செமி ஹாலோ கிட்டார்.’ நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். மெதுவாகத்தான் படித்தேன். ‘தம் செவியால்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். யார் செவியால்?

அன்று மச்சான் இறந்து ஒரு வருடம். அவனுக்கு நினைவுக் கூட்டம் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மைக் என் மைக், ஸ்பீக்கர் என் ஸ்பீக்கர், மிக்ஸரில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். வேலையாட்கள் இருக்கிறார்கள், ஆனாலும் அவனுக்கான கூட்டத்தில் வேறொருவன் கை மிக்ஸரில் படக்கூடாது என்று நானே உட்கார்ந்தேன். மச்சான் மகன் மேடையில் நின்று பேசினான். நன்றாகத்தான் பேசினான், படித்த பையன். பேச்சின் நடுவில், “இந்த கிட்டார அப்பா செல்லமா செங்காய்னு கூப்புடுவாரு. கலரப் பாருங்க, காயும் இல்லாம பழமும் இல்லாம ஒரு செவப்பு. அதப் பாத்து அப்பா வச்ச பேரு அது” என்றான். ஜனங்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் விரல் அவன் மைக்கின் வால்யூம் மேல்தான் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அந்தப் பொய் அங்கேயே நின்றிருக்கும். இழுக்கவில்லை. ஓடுகிற பேச்சை நடுவில் அறுத்த பெயர் இத்தனை வருடத்தில் எனக்கு இல்லை. அதனால் அவன் சொன்னது கடைசிவரை, என் ஸ்பீக்கரிலேயே, கணீரென்று போய்ச் சேர்ந்தது.

செங்காய் என்பது கலருக்கு வைத்த பெயரா? அது சத்தத்துக்கு வைத்த பெயர். வைத்தவன் நான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் என் மனைவிக்கு நேர் இளையவன். எனக்குக் கல்யாணமானபோது தியாகதுருகத்தில் ஒரு சர்ச் பாட்டுக் குழுவோடு சுற்றிக்கொண்டு, அங்கேயே கிட்டார் பழகியிருந்தான். ஒல்லி உடம்பு. சட்டையை மட்டும் எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகப் போடுவான். மேடை ஏறுவதற்கு முன்னால் என் ஸ்பீக்கர் பெட்டியின் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவுவான். வாய் கொஞ்சம் நீளம். “ஒனக்குக் காதா மாமா அது, வோல்டேஜ் மீட்டரு” என்பான். நான் எதையும் அலறுகிறது, அமுங்குகிறது, சரியாக இருக்கிறது என்ற மூன்றே வார்த்தையில் முடிப்பேன் என்று எல்லார் முன்னாலும் நடித்துக் காட்டுவான். நானும் விடமாட்டேன். அவனை மாஸ்டர் என்று கூப்பிடுகிற குழுப் பையன்களிடம், “ஒங்க மாஸ்டரு வாசிச்சது எந்த ராகம்னு தெர்ல, ஆனா எந்த ஸ்பீக்கர்ல வந்திச்சின்னு சொல்லிடுவேன்” என்பேன். அவன் வாசித்த பழைய கிட்டார் கறுப்பு நிறம், முழுக் கட்டை, இரும்புக் கதவைத் தூக்கி மாட்டிக்கொண்ட மாதிரி கனம். வயசுத் திமிரில் அந்தக் கனம் தெரியாமல் சுமந்தான்.

ஒரு மழைக்காலத்தில் கரியாலூரிலிருந்து வண்டியில் இறங்கும்போது வளைவில் சறுக்கி விழுந்தான். இடது பக்கக் காறை எலும்பு போய்விட்டது. கட்டுப் போட்டு, கட்டு அவிழ்த்து, கை பழையபடி மேலே போனது. ஆனால் அந்தத் தோளில் கனம் ஏறினால் மட்டும் பொறுக்காது. கல்யாண ரிசப்ஷன் என்றால் என்ன, உட்கார்ந்து வாசிக்கிற கச்சேரியா? மாப்பிள்ளை பெண்ணோடு போட்டோ எடுக்கிற வரிசை தீரும்வரை நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். வரிசை எப்போது தீரும் என்று கடவுளுக்கே தெரியாது. தியாகதுருகத்தில் ஒரு ரிசப்ஷனில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டைக் கழற்றி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்துப் போயிருந்தது. இதில் எனக்கு ஆத்திரம் எங்கே என்றால், கிட்டார் நின்றதை மண்டபத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. கீபோர்டு இருந்தது, தபலா இருந்தது, அவர்களுக்குப் போதும். அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. அது எலும்பு முறிந்ததைவிடப் பெரிய வலி என்று அவன் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

“வுடு மாமா. எனுக்கு இனிமே இது ஆவாது. செருப்புக் கடையில ஆள் கேட்டுக்கினு இருக்கான், போய் ஒக்காந்துக்கிறேன்” என்றான் மறுநாள். கிட்டாரைக் கோணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். என் மனைவி சோறு போடும்போது என்னிடம் அழுதாள். “சின்னதுலேர்ந்து அவன் வெரலு சும்மா இருந்து நான் பாத்ததில்லீங்க. சோத்துத் தட்டுலகூடத் தட்டிக்கினே இருப்பான். இப்ப கையக் கட்டிக்கினு ஒக்காந்துகினு இருக்கான். அவன் மூஞ்சியப் பாக்க முடியல.” செருப்புக் கடையில் உட்காருவது கேவலமில்லை. ஆனால் அவன் உட்காரக் கூடாது. அந்தக் குழுவை நான் கட்டியதே அவன் விரலை நம்பித்தான். அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றியவன் நான். கண்ணாடிப் பெட்டிக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

மவுண்ட் ரோடு பக்கத்தில் ஒரு பெரிய கடை. குளிர் ஏசி, சுவர் முழுக்க கிட்டார். விற்கிற பையன் வந்து, “என்ன ஜானர் சார் வாசிப்பாரு?” என்று கேட்டான். மச்சான் வாயைத் திறப்பதற்குள், “கல்யாண ரிசப்ஷன்” என்றேன் நான். பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சிவப்பு கிட்டாரை எடுத்தான். இதுவும் முழுக் கட்டைதான், கொஞ்சம் மெலிசு. மச்சானுக்குக் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. மாட்டினான், கண்ணாடியில் பார்த்தான், தலை சீவாத குறை. அங்கேதான் நான் என் வேலையைக் காட்டினேன். “மாட்டிக்கினு அப்படியே நில்லு. நான் டீ குடிச்சிட்டு வரேன்” என்று வெளியே போய்விட்டேன். டீ குடித்தேன், பேப்பர் பார்த்தேன், ஒரு நடை நடந்தேன், சாவகாசமாகத் திரும்பி வந்தேன். அவன் இடது தோள் வலது தோளைவிட இறங்கியிருந்தது. நெற்றியில் அந்த ஏசியிலும் வேர்வை.

“புடிச்சிருக்கா?” என்றேன்.

“புடிச்சிருக்கு மாமா.”

“ஒன்ன கேக்கல. தோள கேட்டுச் சொல்லு.”

கழற்றி வைத்தான். அடுத்து ஒன்று, உள்ளே முழுக்கப் பொள்ளல், தூக்கினால் பஞ்சு. கம்பியைத் தொட்டாலே தேன் மாதிரி சத்தம். நானே மயங்கிவிட்டேன். ஆனால் அதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி நிற்கச் சொன்னதும் ‘ஊ’ என்று ஊளை விட ஆரம்பித்தது. நம் மண்டபங்களின் மேடை எவ்வளவு அகலம்? ஸ்பீக்கரை அவன் காலடியில்தான் வைக்க வேண்டியிருக்கும். கல்யாண வீட்டில் ஒப்பாரி வைக்கிற சாமானை எடுத்துக்கொண்டு போக முடியுமா? அதுவும் ஆகாது என்றேன். விற்கிற பையன், “சார், வாங்குறீங்களா, இல்ல சும்மா மாட்டிப் பாக்க வந்தீங்களா?” என்றான். “பொண்ணு பாக்கவே நாலு வூடு ஏறி எறங்குறோம், இது தோள்ல தொங்கப் போறதுப்பா” என்றேன்.

அப்போதுதான் மூலையில் அது தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நெஞ்சில் ஓட்டை போட்டது. “அடிபட்டத ஏன்பா மாட்டி வச்சிகினு இருக்கீங்க?” என்று கேட்டேன். தெரியாததைக் கேட்பதில் எனக்கு வெட்கமே கிடையாது. “அடிபடல சார், அது செமி ஹாலோ. ஓட்ட அப்படித்தான் இருக்கும்” என்றான். இறக்கச் சொன்னேன். கம்பியை நான் தொடவில்லை. விரல் முட்டியை மடக்கி முதுகில் தட்டினேன். நடுவில் தட்டினால் கெட்டியாக நின்றது. ஓரத்துக்கு வந்தால் ‘பொத்’ என்று உள்வாங்கியது. மறுபடி நடுவில், மறுபடி ஓரத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சத்தத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்!

மலையில் பலா மரத்தின் கீழ் நின்று பழம் எடுக்கிறவனுக்குத்தான் அது புரியும். காயைத் தட்டினால் கட்டைச் சத்தம். சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். நன்றாகப் பழுத்ததைத் தட்டினால் முழுக்கப் பொத்தென்று இருக்கும். மலையிறங்குவதற்குள் வழியிலேயே வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, செங்காய். உள்ளே பழுக்க ஆரம்பித்திருக்கும், நடுத்தண்டு இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சுமையைத் தாங்கும், சந்தை சேரும்போது மணக்கும். இறக்கி விற்பதற்கு அதுதான் லாயக்கு. “மச்சான், இது செங்காய்டா!” என்று அந்தக் கடையில் கத்தியவன் நான். அந்தப் பெயர் பிறந்தது அங்கே, என் விரல் முட்டியில். நிறத்தை அப்போது நான் பார்க்கக்கூட இல்லை.

மச்சானுக்கு மனசு சிவப்பிலேயே இருந்தது. “கெழவன் வாசிக்கிறது மாரி இருக்கு மாமா” என்றான். நான் கேட்கவில்லை. மாட்டச் சொல்லிவிட்டு மறுபடி டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவன் பழையபடி சாய்ந்து நிற்கவில்லை. கனம் கம்மி. கிட்டாரின் கழுத்துப் பக்கம் கீழே சரியவில்லை, கையை எடுத்தாலும் இருந்த இடத்தில் இருந்தது. ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். இடுப்பு வளைவு தொடைமேல் வந்து பூனை மாதிரி படுத்துக்கொண்டது. கழுத்தும் அவனுடைய சின்னக் கைக்குள் அடங்கியது. சௌகரியத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அடுத்தது சத்தம். அவனை இரண்டையும் வாசிக்கச் சொல்லிவிட்டு நான் கடைக்கு வெளியே, பஸ் இரைச்சலில், பிளாட்பாரத்தில் போய் நின்றேன். கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஏசி வீணாகிறது என்று பையன் முறைத்தான். சிவப்புக் கிட்டாரின் சத்தம் அங்கே தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி வந்தது. செங்காய் அந்த இரைச்சலை ஒதுக்கிவிட்டு, உருண்டு திரண்டு, முழுசாக என் காதில் வந்து விழுந்தது. மச்சான் வெளியே வந்து சண்டை போட்டான். “மாமா, நீ கிட்டாரு எனுக்கு வாங்குறியா, பந்தியில சாப்புட்டுக்கினு இருக்குறவனுக்கு வாங்குறியா?”

“பந்தியில சாப்புடறவனுக்குத்தான்டா. மேடைக்கு முன்னாடி ஒக்காந்துகினு கேக்குறவன் எத்தினி பேரு? எலைக்கு முன்னாடி ஒக்காந்தவன் சாம்பார ஊத்தச் சொல்லிட்டுத் தல நிமிந்து பாத்தான்னாதான் நீ வாசிக்கிறேன்னு அர்த்தம்.”

இன்றைக்கும் சொல்கிறேன், கிட்டார் தேர்வு செய்ய இதைவிட நல்ல வழி எவனும் கண்டுபிடிக்கவில்லை. தோளில் தொங்கவிட்டுப் பார், வாசலில் நின்று கேள். தீர்ந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் என்னிடம் பேசவில்லை. ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, செங்காய் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். உளுந்தூர்பேட்டையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள், அவன் இறங்கவில்லை. கோபம் வயிற்றோடு வேண்டாம் என்று நான் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு ஏறினேன். பெட்டி திறந்திருந்தது. ஸ்பீக்கர் இல்லை, ஒயர் இல்லை. மடியில் வைத்து மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தான். உள்ளே பாதி பொள்ளல் இருப்பதால் அது தனியாகவே, ரகசியம் பேசுகிற மாதிரி கேட்டது. கண்டக்டர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “டீ ஆறுது” என்றேன். “ஆறட்டும்” என்றான். அவ்வளவுதான். எனக்கு வேறென்ன சொல்ல வேண்டும்?

அதன் பிறகும் என் வேலை முடியவில்லை. முதல் மண்டபத்திலேயே செங்காயும் லேசாக ஊளை விட்டது. பாதி பொள்ளல் இருக்கிறதே, ஸ்பீக்கர் சத்தம் உள்ளே புகுந்து சுற்றியது. மச்சான் என்னை முறைத்தான். நான் அசரவில்லை. என் மனைவியின் பழைய நூல் புடவை ஒன்றை எடுத்து, பட்டை பட்டையாகக் கிழித்து, அந்தக் கொக்கி ஓட்டை வழியாகக் கம்பியால் தள்ளித் தள்ளி உள்ளே அடைத்தேன். அதிகம் அடைத்தால் சத்தம் செத்துவிடும், குறைத்தால் ஊளை. எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து, ஓர் இடத்தில் நின்றது. அன்றிலிருந்து அவன் கையில் வந்ததே ஒரு சத்தம், அந்தச் சத்தத்தைத்தான் கூட்டத்தில் எல்லாரும் ‘மாஸ்டர் டோன், மாஸ்டர் டோன்’ என்று புகழ்ந்தார்கள். “என் பொடவதான் ஒங்களுக்குக் கெடச்சிச்சா?” என்று என் மனைவி அன்று சத்தம் போட்டாள். “ஒன் தம்பி நெஞ்சுலதான இருக்குது” என்றதும் அடங்கிவிட்டாள்.

விரல் அவனுடையது. நான் அதை மறுக்கிற ஆள் இல்லை. அவன் வாசித்ததை நான் வாசிக்க முடியுமா? அந்தத் தோளோடு அவன் இன்னும் அத்தனை வருடம் நின்று வாசித்தான், மண்டபத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் தலை நிமிர்ந்து பார்த்தான், விழுப்புரம், சேலம் பக்கத்துக் குழுக்காரர்கள் வந்து கிட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். “செங்காய் ஏறிடுச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் குழுவில் வேனையே எடுப்பார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தியாகதுருகத்துக்காரன் பலாவைத் தட்டியா வளர்ந்தான்? யோசிக்க வேண்டாமா?

மச்சான் சொல்லவே இல்லையா என்று கேட்பீர்கள். சொன்னான். ஒரே ஒரு தடவை, மேடையிலேயே சொன்னான். கரியாலூரில் ஒரு கோடைக் கால நிகழ்ச்சி, சாயங்கால வெயில் மலைமேல் சாய்ந்திருந்த நேரம். சின்ன மேடை, படிக்குப் பக்கத்திலேயே என் மிக்ஸர். என் மனைவி ஜமுக்காளத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்தது. பாட்டு முடிந்தால் நான் பாட்டு மைக்கின் வால்யூமை உடனே இறக்கிவிடுவேன். அது என் தொழில் முறை. திறந்து கிடக்கிற மைக்தான் ஊளைக்கு முதல் வாசல். என்னிடம் வேலை கற்றவர்கள் எல்லாருக்கும் முதல் பாடமே அதுதான். கைதட்டலில் சந்தோஷமாக இருந்த மச்சான், பேசுகிற மைக்குக்குப் போகாமல், பக்கத்திலிருந்த பாட்டு மைக்குக்கு வந்து, கிட்டாரைத் தூக்கிக் காட்டிப் பேச ஆரம்பித்தான். “இந்த செங்காய எங்க மாமா தட்டிப் பாத்து எடுத்தது. அவரு இல்லன்னா நான் இந்நேரம் எவன் காலுக்காவது செருப்பு மாட்டிக்கினு இருப்பேன்…” பக்கத்தில் நின்றதால் எனக்கும், முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கும் வெறும் வாயில் கேட்டது. கூட்டத்துக்கு அவன் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. “மைக்கு, மைக்கு” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். நான் வால்யூமை ஏற்றுவதற்குள் அவன் முடித்துவிட்டான். மறுபடி சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவன் சிரித்தான். “போவட்டும் மாமா. கேக்க வேண்டியவருக்குக் கேட்டுடுச்சில்ல” என்றான். அந்த வார்த்தைதான் முழு ஸ்பீக்கரிலும் போனது. ஜனங்களுக்கு என்ன புரியும்?

மைக்கை இறக்கியது தப்பு என்று யாராவது சொன்னால் தொழில் தெரியாதவர்கள். நான் செய்தது சரி. ஆனால் சரியாகச் செய்ததால்தான் வீட்டுக்கு வெளியே எனக்குச் சாட்சி இல்லாமல் போனது.

கூட்டம் முடிந்து சாமான்களை ஏற்றிய பிறகு மச்சான் மகனைப் பிடித்துக் கேட்டேன். “அப்பா எங்கிட்ட சொன்னதே இல்லீங்களே மாமா” என்றான். “போர்டு அடிச்சாச்சி. இப்ப மாத்துனா பாக்குறவங்க இன்னா நெனைப்பாங்க?” பார்க்கிறவர்கள் நினைப்பது இருக்கட்டும், பொய்யைப் பித்தளையில் வெட்டி வைத்தால் அது மெய்யாகிவிடுமா? பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ அவனே இன்னொன்று சொன்னான். “ஆனா டோன் முன்ன மாரி இல்லீங்க மாமா. வாசிச்சா கத்துது. ஒயரு போயிடுச்சோ இன்னாவோ. கிளீன் பண்ணும்போது உள்ள ஏதோ கந்தத் துணி அடச்சிக்கினு இருந்திச்சி, எலி கிலி கூடு வச்சிருக்கும்னு எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டோம்.”

அந்த ஆத்திரத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலில் என் மனைவி எனக்கு எதிர்க்கட்சிதான். “செத்தவன்கிட்ட பேருக்குச் சண்டையா? ஒங்குளுக்கு வயசாச்சா இல்லையா? அந்தப் புள்ளயும் அப்பன் இல்லாத புள்ள” என்று வாயை அடைத்துக்கொண்டிருந்தாள். கரியாலூரில் தம்பி சொன்னதை அவளும் கேட்டவள்தான். கேட்டும், “எனுக்குத் தெரியும், ஒங்குளுக்குத் தெரியும், போதாதா?” என்பாள். துணி சமாச்சாரத்தைச் சொன்னதும் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். “என் பொடவய எலிக்கூடுன்னானா?” என்றாள். உள்ளே போய் பெட்டியைத் திறந்தாள். அவள் தம்பி முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த நூல் புடவை ஒன்று, நிறமெல்லாம் போய், கட்டாமல் மடித்து வைத்திருந்தாள். முந்தானைப் பக்கமாக ஒரு முழம் கிழித்தாள். கிழிகிற சத்தம் எனக்கே தாங்கவில்லை. பட்டை பட்டையாக்கி என் கையில் கொடுத்து, “போய் வச்சிட்டு வாங்க. அப்பிடியே போர்டயும் மாத்தச் சொல்லுங்க” என்றாள்.

போனேன். வகுப்பு பூட்டியிருக்கவில்லை, கண்ணாடிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி மச்சான் மகனிடம், அவன் சென்னை போயிருக்கிறான் என்றார்கள். பிள்ளைகள் உள் அறையில் கீபோர்டு தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டிக்கு முன்னால் நின்றேன். விரல் முட்டியை மடக்கித் தட்டினேன். கண்ணாடிச் சத்தம்தான் வந்தது. உள்ளே என் செங்காய், வயிற்றில் ஒன்றுமில்லாமல், விளக்கு வெளிச்சத்தில், யாரோ செவியால் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. என் சட்டைப் பையில் புடவைத் துணி.

மச்சான் மகனுக்கும், கூட்டத்தில் கைதட்டிய அத்தனை பேருக்கும் சொல்கிறேன். அந்தப் பித்தளையைக் கழற்றுங்கள். ‘செங்காய்’ என்று பெரிதாக வெட்டுங்கள். வாசித்தவர் மாஸ்டர் என்று முதலில் போடுங்கள், அது நியாயம். அதற்குக் கீழே, தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் என்று இனிஷியலோடு என் பெயரைப் போடுங்கள். பெட்டியைத் திறந்துவிடுங்கள், துணியை என் கையால் அடைக்கிறேன், அதன் பிறகு வாசித்துப் பாருங்கள். அடுத்த நினைவு நாளில் இதை மேடையேறி வாயால் சொல்லுங்கள். மைக் என்னுடையதுதான், மிக்ஸரில் நான்தான் உட்காருவேன். பாட்டு முடிந்த பிறகும் இறக்காமல் வைத்திருக்கிறேன். சொல்லுங்கள்.